நான்கு முடிச்சிட்ட ஒயர்

கோவையில் மோட்டார் வண்டிகளுக்கு மின்வேலை செய்பவர்களிடையே வழங்கும் கதை இது. வண்டி சிவப்பு என்று சொல்பவர்கள் உண்டு. மஞ்சள் என்று சொல்பவர்களும் உண்டு. பட்டறை கணபதியில் இருந்தது என்பர் சிலர். ஒண்டிப்புதூரில் என்பர் வேறு சிலர். சாவி கைமாறிய விதத்தை மட்டும் எவரும் மாற்றிச் சொல்வதில்லை.

பட்டறை தெய்வானையுடையது. அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த கனகசபைக்கு ஐம்பத்து நான்கு. நூற்பாலை ஒன்றின் மின்பிரிவில் இருபத்தாறு ஆண்டு இருந்தவர். ஆலை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தார். சீடர் குருவை 'வாத்தியாரம்மா' என்பார். குரு சீடரை 'அண்ணா' என்பார்.

அந்தப் பட்டறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த வண்டியின் சாவியை உரிமையாளர் கையில் எவர் கொடுக்கிறாரோ, அந்த வேலைக்கு அவரே பொறுப்பு. கனகசபை இரண்டு ஆண்டுகளில் நூறு வண்டிகளுக்கு மேல் வேலை செய்திருந்தார். ஒரு சாவியையும் கொடுத்ததில்லை. துடைத்துத் தெய்வானையிடம் தருவார். தெய்வானை வாங்கிக் கொடுப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, துளசிமணி என்ற வார்ப்படத் தொழிற்சாலை முதலாளி, தம் ஸ்போர்ட்ஸ் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். இருவர் மட்டுமே அமரக்கூடிய, தரையோடு தாழ்ந்த வெளிநாட்டு வண்டி. வண்டிக்கு வயது இருபத்தெட்டு.

"என்னாச்சுங்க?" என்றார் தெய்வானை.

"திருடன் வந்தாக் கத்தோணும்னு அலாரம் வச்சிருக்குதுங்க. திருடன் ஒருத்தனும் வரல. நான் வந்தாக் கத்துது."

"கெளம்புதுங்களா?"

"எங்கீங்க? சாவியைப் போட்டா எஞ்சினைப் பூட்டிக்குது. என்ற வண்டிக்கே நான் திருடனாட்டத் தெரியறனுங்க."

அலாரத்தோடு சேர்த்து அதில் இம்மொபிலைசர் பொருத்தப்பட்டிருந்தது. உரிய ரிமோட் இல்லாத எவருக்கும் எஞ்சின் கிளம்பாதபடி தடுக்கும் கருவி அது. இரண்டையும் பொருத்தி இருபத்திரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பொருத்தியவர் யாரென்று துளசிமணிக்குத் தெரியாது. வண்டியே அவரிடம் ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் வந்தது.

"ஞாயித்துக்கெழம பழைய காரெல்லாம் ஊட்டிக்கு அணிவகுத்துப் போகுதுங்க. மூணு வருசமாப் பேர் குடுக்கறன். மூணு வருசமும் கொடியசைக்கற எடத்துலயே நின்னு ஊளையிட்டுது. சனங்க இதுக்கு ஒப்பாரி வண்டின்னு பேரு வச்சுப்போட்டாங்க. இந்தத் தடவையும் கத்துச்சுன்னா உலையில போட்டு உருக்கீருவன். நமக்கென்ன, உலை சொந்த உலை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வண்டியின் முகப்பை ஒரு முறை தடவிவிட்டே போனார்.

"வாத்தியாரம்மா, பழசைக் கழட்டிப் புதுசு மாட்டற இந்த வேலையை நான் ஒண்டியாப் பண்றனுங்க" என்றார் கனகசபை.

"பண்ணுங்கண்ணா."

"சரியா முடிச்சா, சாவி…?"

"முடிங்க மொதல்ல."

கனகசபை கருவிப் பெட்டியைத் திறந்தார். பிறகு மூடினார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? பெயிண்ட் அடிக்கறவர் வேலையை ஊரே பாக்குது. சீட்டு தைக்கறவர் வேலை மேல ஆள் உக்காந்து நல்லாருக்குதுங்கறாங்க. நம்ம வேலை கண்ணுல பட்டாத் திருடனுக்கு வழி சொன்ன மாதிரி. ஒருத்தரும் பாக்காத வேலையை யாருகிட்டக் காட்டிப் பெருமைப்படறது?"

தெய்வானை கருவிப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

"பழசைக் கழட்டுங்க. கழட்டறதுல ஒண்ணையும் தூக்கிப் போட்டுராதீங்க" என்றார்.

கனகசபை ஒழுங்கானவர். நூற்பாலையில் எந்த மின்பெட்டியைத் திறந்தாலும் முதலில் பஞ்சை ஊதித் தள்ளிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பஞ்சு இருந்தால் பொறி பறக்கும். பொறி பறந்தால் ஆலை எரியும். இருபத்தாறு ஆண்டில் தம் பிரிவில் ஒரு தீ விபத்தும் நேரவில்லை என்பது அவருடைய பெருமை. அப்படியே இங்கும் செய்தார். டேஷ்போர்டின் கீழ்ப்பலகையைக் கழற்றி, உள்ளேயிருந்த கறுப்புப் பெட்டியைக் கண்டு, அதிலிருந்து கிளம்பிய ஒயர்களைத் துணியால் உருவித் துடைத்தார். ஆங்காங்கே ஒட்டியிருந்த அழுக்குத் திரிகளைப் பிளேடால் சீவினார். சீவியதைக் குப்பைத் தகரத்தில் போட்டார். கழற்றிய திருகாணிகளை வரிசையாகத் தட்டில் வைத்தார்.

ஒயர்கள் பதினொன்று. பதினொன்றும் கறுப்பு. திருடனுக்கு அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக இந்த வேலையில் நிறமுள்ள ஒயரைப் பயன்படுத்துவதில்லை.

பெட்டியைக் கழற்றுமுன் பேட்டரியைப் பிரித்தார். பிரித்த நொடியில் சைரன் அலறியது. பேட்டரியைப் பிரிப்பவன் திருடன் என்று எண்ணி, தன்னுள் இருக்கும் தனிப் பேட்டரியில் அலறும்படி செய்யப்பட்ட சைரன் அது.

எதிர் டீக்கடைக்காரர் வாசலுக்கு வந்தார். "ஏனுங்க கனகசபையண்ணா, யாரு போய்ட்டாங்க? எடுக்கற நேரம் சொன்னா ஒரு மாலை வாங்கியாருவன்."

கனகசபை சைரனைச் சாக்கில் சுற்றி, அதன்மேல் உட்கார்ந்து, அதன் உயிர் போகும்வரை காத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை முழுவதும் காருக்குள் மல்லாந்து கிடந்தார். எந்த ஒயர் இக்னிஷனுக்குப் போகிறது, எது ஸ்டார்ட்டருக்கு, எது பெட்ரோல் பம்புக்கு என்று ஒவ்வொன்றாக டெஸ்ட் லேம்ப் வைத்துத் தேடினார். உள்ளே போன ஒயர், வண்டியின் சொந்த ஒயர்க் கட்டோடு சேர்ந்து மறைந்துவிடும்.

"எந்தப் படுபாவி பண்ணுன வேலையோ!" என்றார். "ஒரு அடையாளம் வச்சானா பாருங்க. மனுசன் பொழைக்கக் கூடாதுன்னே பண்ணியிருக்கறான்."

தெய்வானை வேறொரு வண்டியில் வேலையாக இருந்தார். நிமிரவில்லை.

புதன்கிழமை மாலை கனகசபை ஒருவாறு கணித்து இணைத்துப் பார்த்தார். சாவி போடாமலே பெட்ரோல் பம்ப் ஓடியது. அவசரமாகப் பிரித்தார். பெட்ரோல் வாடை பட்டறை முழுதும் பரவிற்று.

வியாழக்கிழமை காலை தெய்வானையின் முன்னால் வந்து நின்றார். காரின் சாவி கையில் இருந்தது.

"என்னால ஆகலீங்க. கண்டது பாதி, குத்துமதிப்பு பாதி. குத்துமதிப்பாப் பண்ணுன வேலைக்கு நான் பொறுப்புன்னு சொல்லமாட்டனுங்க. ஞாயித்துக்கெழமைக்கு மூணு நாள்தான் இருக்குது. நீங்க பாருங்க."

தெய்வானை சாவியை வாங்கவில்லை.

"ஒயர்ல ஏதாவது கட்டியிருந்துச்சுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"நூலு, டேப்பு, கீறல்?"

"நூலெல்லாம் இல்லீங்க. பஞ்சாட்டம் திரிதிரியா அழுக்கு. சுத்தமா எடுத்துப்போட்டனுங்க."

"எங்க?"

இந்த இடத்தைச் சொல்லும்போது சிலர் தெய்வானை சிரித்தார் என்பர். சிரிக்கவில்லை என்பதே பலரின் வழக்கு. குப்பைத் தகரத்தை அவரே தூக்கி வந்து ஒரு செய்தித்தாளின் மேல் கவிழ்த்தார். ஒயர்த் துண்டுகளையும் டீக் குவளைகளையும் விலக்கினார். கறுத்துப்போன ஒரு திரியை எடுத்தார்.

"கண்ணை மூடுங்கண்ணா."

கனகசபை கண்ணை மூடினார். தெய்வானை அதை அவர் விரல்களுக்கிடையே வைத்தார்.

மெழுகு ஏற்றிய நூல். நடுவில் கல்லைப் போல ஒரு முடிச்சு. சற்றுத் தள்ளி இன்னொரு முடிச்சு.

தெய்வானை அதை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்தார். அதில் மூன்று.

கனகசபை நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"இப்படித்தான் கட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்கண்ணா. ஒருத்தர் முடிச்சுப் போடுவாங்க. ஒருத்தர் டேப்பை எண்ணிச் சுத்துவாங்க. ஒண்ணும் வைக்காதவங்களும் இருக்கறாங்க. அதனாலதான் தூக்கிப் போடாதீங்கன்னு சொன்னன்."

"நான் திருகாணியைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சுப்போட்டன்."

"டேஷ்போர்டுக்கு அடியில தலை போகாது. கை மட்டுந்தான் போகும். கைக்குக் கலர் தெரியுமுங்களா?"

கனகசபை தலைகுனிந்து நின்றார். பிறகு, "நான் சீவிப்போட்டனே, எது எதுல இருந்துச்சுன்னு இனி எப்படிங்க தெரியும்?" என்றார்.

"எவ்வளவு தூரம் சீவுனீங்க?"

"பிளேடு எட்டுன வரைக்கும். ஒரு சாண்."

"ஒயரு ஒரு சாணுதானுங்களா?"

கனகசபை டெஸ்ட் லேம்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். காருக்குள் சாய்ந்து, தோள்வரை கையை உள்ளே விட்டார். துடைக்கும் துணியை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒயர் வண்டியின் சொந்தக் கட்டோடு சேரும் இடத்தில் நூல் அப்படியே இருந்தது. ஒரு முடிச்சு: அது இக்னிஷனுக்குப் போயிற்று. இரண்டு முடிச்சு: ஸ்டார்ட்டர். மூன்று: பம்ப். விளக்கு, கதவு என்று போன மற்றவற்றில் முடிச்சு இல்லை; கையால் தொடர்ந்தே அவற்றின் முனையைக் காண முடிந்தது. ஒவ்வோர் இணைப்பும் ஈயத்தால் பற்றுவைத்து, உறையிட்டு, இழுத்தால் அசையாதபடி நூலால் வரிந்து கட்டப்பட்டிருந்தது. இருபத்திரண்டு ஆண்டில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. கெட்டது பெட்டி மட்டுமே.

நண்பகலுக்குள் எல்லா ஒயர்களும் இனம் தெரிந்தன, ஒன்றைத் தவிர. அதில் நான்கு முடிச்சு இருந்தது. அது எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகரத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் போய், சைரன் இருந்த இடத்தருகே நின்றுவிட்டது. இரு முனைகளும் உறையிட்டு மூடியிருந்தன. எதனோடும் இணைப்பில்லை.

"வாத்தியாரம்மா, இந்த ஒயரு எதுக்குங்க? ஒரு வேலையும் செய்யல."

"புதுச் சைரனுக்கு எத்தனை ஒயரு வேணும்?"

"பழசை விட ஒண்ணு கூட."

"அந்த ஒண்ணைக் கொண்டுபோக என்ன பண்ணுவீங்க?"

"தகரத்தைத் தொளைக்கோணும். அதுக்கு டேஷ்போர்டு மொத்தத்தையும் எறக்கோணும். ரெண்டு நாளாகும்."

"இப்ப?"

கனகசபை கையிலிருந்த ஒயர் முனையைப் பார்த்துக்கொண்டே நின்றார். படுபாவி என்று அவர் திட்டியது பட்டறையில் எல்லோருக்கும் கேட்டிருந்தது. இப்போது அவர் மெதுவாகச் சொன்னதைத் தெய்வானை மட்டுமே கேட்டார். "மன்னிச்சுக்குங்க சாமி" என்றார். தெய்வானையிடம் சொன்னதல்ல அது.

வெள்ளிக்கிழமை புதிய பெட்டியும் புதிய சைரனும் உள்ளே போயின. கனகசபை செருப்புத் தைப்பவரிடம் போய் மெழுகு நூல் வாங்கி வந்தார். சீவிய இடங்களிலெல்லாம் பழைய எண்ணிக்கை மாறாமல் கட்டினார். நான்கு முடிச்சிட்ட ஒயர் புதிய சைரனுக்குப் போயிற்று. சனிக்கிழமையும் பகல் முழுவதும் அவர் காரைவிட்டு வெளியே வரவில்லை. இன்னும் என்ன வேலை என்று தெய்வானை கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி கொடியசைத்ததும் கிளம்பியது, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறியது, வழியெல்லாம் சனங்கள் "எங்க ஒப்பாரியக் காணோம்?" என்று கேட்டார்கள் என்று கதையை நீட்டிச் சொல்வோர் உண்டு. நடந்ததுதான். ஆயினும் பழைய வடிவம் சனிக்கிழமை மாலையோடு நின்றுவிடுகிறது.

அன்று மாலை தெய்வானை கையைக் கழுவிக்கொண்டு வந்து காருக்குள் அமர்ந்தார். ரிமோட் இல்லாமல் சாவியைத் திருப்பினார், எஞ்சின் அசையவில்லை. ரிமோட்டை அழுத்தித் திருப்பினார். ஒரே திருப்பில் எழுந்தது. எஞ்சினை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார்.

"ஒண்ணு" என்றார். சற்றுப் பொறுத்து, "ரெண்டு." பிறகு, "மூணு. நாலு."

கை அங்கேயே நின்றது. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று.

"அஞ்சு முடிச்சு ஒண்ணு இருக்குதே. இது எங்கண்ணா போகுது?"

"எங்கயும் போகலீங்க, வாத்தியாரம்மா."

தெய்வானை கையை வெளியே எடுத்தார்.

துளசிமணி வந்தார். எஞ்சின் ஓசையைக் கேட்டார். முகம் மலர்ந்தது. உடனே குனிந்து டேஷ்போர்டின் கீழே எட்டிப் பார்த்தார்.

"எங்கீங்க, ஒண்ணுமே தெரியல? முன்ன இருந்த மாதிரியே இருக்குது. அப்புறம் இந்த ஆறு நாளா என்னதானுங்க பண்ணுனீங்க?"

"ஒண்ணும் தெரியலீங்களா?" என்றார் கனகசபை.

"சத்தியமாத் தெரியலீங்க."

கனகசபை நிமிர்ந்து நின்றார். டீக்கடைக்காரர் பிற்பாடு சொன்னார்: ஆலையில் சிறந்த தொழிலாளி என்று மாலை போட்டார்களே, அன்றைக்குக்கூட அந்த மனிதர் அப்படி நின்றதில்லை.

துளசிமணி வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வாசலுக்குப் போனார். கனகசபை சாவியைச் சட்டை நுனியில் துடைத்து, எப்போதும் போலத் தெய்வானையிடம் நீட்டினார்.

தெய்வானை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்த வேலையில நாளைக்குக் கோளாறுன்னா அவரு யாரைக் கேக்கோணும்?"

"என்னையத்தானுங்க."

"நீங்களும் நானும் இல்லாத காலத்துல யாரோ ஒருத்தர் வந்து அதைத் தொறந்தா?"

கனகசபை வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பவும் என்னையத்தானுங்க. அஞ்சு முடிச்சு உள்ளதான இருக்கும்."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குங்கண்ணா நீட்டறீங்க? வண்டிக்காரர் அங்க நிக்கறாரு."