ராட்சதப் பிடி போட்ட குத்துவாள்

பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய அந்தக் காலத்தில், வலம்புரிக்கரை என்ற நாட்டைத் திருமேனிக்கோன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் முன்னால் வரும், யோசனை பின்னால் வரும்.

அவர் சபைக்குச் சாவகத் தீவிலிருந்து சுதர்மன் என்ற தூதர் வந்திருந்தார். அவர் சொன்ன எரிமலைக் கதைகளில் ராஜா சொக்கிப்போனார். எந்நேரமும் தூதரோடுதான் பேச்சு. ஆயுதசாலைத் தலைவர் வீரகேதுவுக்கு வயிறு எரிந்தது. அதுவரை ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் அவருடையதாக இருந்தது.

ஒருநாள் காலையில் ராஜா கண்விழித்தால், தலையணைக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு குத்துவாள்! அலகு பாம்புபோல நெளிந்திருந்தது.

உடனே சபை கூடியது.

"இதில் என்ன சந்தேகம், மகாராஜா?" என்று வீரகேது குதித்தார். "அலகு நெளிந்தால் அது சாவகக் கத்தி. உங்களைக் கொல்ல வந்த இந்தத் தூதன், ஏதோ சத்தம் கேட்டுப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான்."

"என் கத்தி என்னிடமே இருக்கிறதே!" என்று சுதர்மன் திரும்பிக் காட்டினார். அவர்கள் ஊரில் கத்தியை முதுகுப் பக்கம் செருகிக்கொள்வது வழக்கம்.

"இரண்டு கொண்டுவரக் கூடாதென்று சட்டமா?" என்றார் வீரகேது.

ராஜாவின் முகம் சிவந்தது. "பொழுது சாய்வதற்குள் இவன் தலையை எடுங்கள்!"

சுதர்மன் ஊரில் காத்திருக்கும் மனைவியின் பெயரை மட்டும் முணுமுணுத்தார்.

அமைச்சர் கூத்தபிரான் எழுந்தார். இளமையில் கப்பலேறி அந்தத் தீவுகளைச் சுற்றியவர் அவர். "மகாராஜா, நெளிந்த அலகு அங்கே எல்லாத் தீவுகளிலும் உண்டு. எந்த ஊர் என்று சொல்வது கைப்பிடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்."

வைத்தார்கள். சுதர்மனுடையது மெல்லிய மரப்பிடி. லேசாகக் குனிந்து, சின்னதாக ஒரு செதுக்கலோடு அடக்கமாக இருந்தது. மற்றதிலோ பொன் பூசிய ராட்சதன் ஒருவன் முழித்த கண்ணும் கோரைப்பல்லுமாகக் குந்தியிருந்தான். உடம்பெல்லாம் சிவப்புக் கல்.

"ராட்சதன் உட்கார்ந்திருப்பது பாலித்தீவுப் பிடி," என்றார் அமைச்சர். "பூகிஸ்காரர்கள் என்று அங்கே கடலோடிகள் உண்டு, அவர்கள் பிடியென்றால் பறவைத் தலைபோல மடங்கியிருக்கும். சாவகத்துப் பிடி, தூதருடையதைப் போல இருக்கும்."

"பாலிக்காரர் யாரும் நம் ஊரில் இல்லையே! அப்படியானால் வைத்தது யார்?" என்றார் ராஜா.

கூத்தபிரான் புன்னகைத்தார். "பயம் வேண்டாம், மகாராஜா. நல்ல சகுனம்தான். தூங்கும் ராஜாவின் தலைமாட்டில் ராட்சதப் பிடியை வைத்தால் அவருக்கு ஆயுசு கூடும் என்பது பாலி வழக்கம். வைத்தவருக்கு ராஜா தன் முத்துமாலையையே போடுவார்."

கோபம் போன இடம் தெரியவில்லை. ராஜா மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தார். "யாரய்யா அந்த விசுவாசி?"

வீரகேது முண்டியடித்து முன்னால் வந்தார். "அடியேன்தான், மகாராஜா! ஆயுதசாலையில் பழைய பரிசுப் பொருள்களோடு கிடந்தது. சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது."

"கூச்சத்தில்தான் இன்னொருவர் தலையைக் கேட்டீரா?" என்றார் அமைச்சர். "நான் சொன்ன வழக்கம் பாலியிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. இப்போதுதான் கட்டிவிட்டேன்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. மாலையைக் கூத்தபிரான் கழுத்தில் போட்டுவிட்டு, சுதர்மன் முன்னால் வந்து நின்றார். "அவசரத்தில் உம்மைக் கொன்றிருப்பேன். மன்னிக்கவேண்டும். இவனை என்ன செய்யலாம், நீரே சொல்லும்."

சுதர்மன் சற்று யோசித்தார். "என்னோடு கப்பலில் அனுப்புங்கள். தீவு தீவாகப் பார்க்கட்டும். கண்ணைக் கட்டிக் கையில் ஒரு பிடியைக் கொடுத்தால், எந்த ஊர் என்று சொல்லத் தெரிந்த பிறகு திரும்பி வரட்டும்."

கப்பல் கிளம்பியது. கரை மறைவதற்குள் வீரகேதுவுக்குக் குடலைப் புரட்டியது. சுதர்மன் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்த வீரகேது, "ஐயா, உங்கள் கத்தியை ஒருதரம் பார்க்கலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

சுதர்மன் முதுகுப் பக்கம் கைவிட்டு அதை உருவினார். அலகைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பிடியை அவர் கையில் வைத்தார்.