சேவலுக்குப் பதிலாகக் கூவியவன்

குளத்தில் சுகமாக நிற்கச் சொல்வதைத் தண்டனை என்று எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா, கண்ணுகளா?

வெகு காலத்துக்கு முன்னே மேல்கரை நாட்டை ஆண்ட ராசா அப்படித்தான் சட்டம் போட்டிருந்தார். சேவல் காலில் கத்தி கட்டிச் சண்டை விடுகிறவன் கழுத்தளவு தண்ணீரில் மூன்று நாழிகை நிற்க வேண்டும். அதுவோ வெயில் மண்டையைப் பிளக்கிற ஊர். கேட்கவா வேண்டும்? சண்டை விட்டார்கள், பிடிபட்டார்கள், குளித்தார்கள். மறுபடி சண்டை விட்டார்கள்.

அந்த ஊரில் நல்லாயி என்று ஒருத்தி. கம்பும் தவிடும் போட்டுக் கருப்பன், கீரி, செவலை என்று மூன்று சேவல் வளர்த்தாள். கருப்பனைப் புருஷன் ராக்கியப்பன் சண்டைக்குத் தூக்கிப் போனான். இறகுதான் திரும்பி வந்தது. கீரியைத் தூக்கிப் போனான், இறகுகூட வரவில்லை. இப்போது செவலையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"ஏனுங்க, ராசா ஆளுங்க பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"முதுகு தேய்க்கப் பீர்க்கங்கூடு கொடுத்தனுப்பு புள்ளே!"

நல்லாயி செவலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள்.

"மகாராசா, உங்க தண்டனை வெயிலுக்கு ரொம்ப இதமா இருக்குதுன்னு ஊரே வாழ்த்துதுங்க."

ராசாவின் முகம் சுருங்கிவிட்டது. "வேறென்ன செய்யச் சொல்கிறாய், அம்மா?"

"செத்த சேவல் செஞ்ச வேலையைச் சாகடிச்சவன் செய்யட்டுங்க."

ராசா யோசித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே முரசறையச் சொன்னார். சேவல் சண்டை விடுகிறவன் ஓராண்டு முழுக்கக் கோழி கூப்பிடும் நேரத்தில் கூரையேறி மும்முறை கூவ வேண்டும்! இரண்டாம் தடவை பிடிபட்டால், ஆயுசுக்கும் ஒரு குஞ்சைக்கூட வளர்க்கக் கூடாது!

முதலில் பிடிபட்டவன் யார் என்கிறீர்கள்? "சும்மா மிரட்டுறாங்க" என்று செவலையைத் தூக்கிப் போன ராக்கியப்பன்தான். கத்தி கட்டுவதற்குள் காவலர்கள் கையைப் பிடித்துவிட்டார்கள். செவலை நல்லாயியிடமே வந்து சேர்ந்தது.

விடிகாலையில் ராக்கியப்பன் கூரையேறினான். "கொக்..." என்று தொடங்கி இருமினான். தெருவே திரண்டுவிட்டது.

"கழுத்தை நல்லா நீட்டுங்க மச்சான்!"

"மாமா, இந்தக் கூவலுக்கு எந்தக் கோழி திரும்பிப் பார்க்கும்?"

அன்றைக்கே மற்ற சண்டைக்காரர்கள் கத்திகளையெல்லாம் கொல்லனிடம் கொடுத்துக் களைக்கொத்தாக அடித்துக்கொண்டார்கள்.

தண்டனை உறைத்தால்தான், கண்ணுகளா, வாயில்லா ஜீவனை வதைக்கிற கை அடங்கும்.

பத்தாம் நாள் ராக்கியப்பனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கூண்டுக்கு முன்னே குந்தி, செவலையைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாளைக்கு என் கூவலையும் சேர்த்து நீங்களே கூவிப்போடுங்கண்ணா!"