காவிக்கோடு முங்காத பரிசல்

ஏய் மித்து, போர்வையை இழுக்காத. கதைதானே வேணும்? சொல்றேன். ஆனா நடுவுல நடுவுல "ம்" சொல்லணும். சத்தம் வரலன்னா நீ தூங்கிட்டன்னு நானும் திரும்பிப் படுத்துடுவேன், அவ்ளோதான். மோர்சாதம் வேணாம்னு தட்டைத் தள்ளிட்டு வந்தியே, அதைப் பத்தி நான் எதுவும் கேக்கல. நீ கதையைக் கேளு.

ஒரு ஊர்ல ஒரு பரிசல்காரர் இருந்தாரு. பேரு மாதப்பன். ஊரு ஆத்துக்கு இந்தப் பக்கம், சந்தை அந்தப் பக்கம். பாலத்துல போகணும்னா ரொம்ப தூரம் சுத்தணும், காலு கழண்டுடும். அதனால எல்லாரும் மாதப்பன் பரிசல்லதான் போவாங்க. பரிசல்னா மூங்கில்ல பின்னின பெரிய வட்டக் கூடை. அடியில தார் பூசியிருக்கும். துடுப்புப் போட்டா சளக், சளக்னு நகரும்.

"ம்."

அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. பரிசல்ல ஏறுறவங்க காசு தர வேண்டாம், ஒரு பலகாரம் தரணும். அது எண்ணெயில சுட்டதா இருக்கணும், இல்லன்னா வெல்லம் போட்டதா இருக்கணும். காயோ பழமோ கூழோ குடுத்தா பரிசல்காரரை மட்டமா நடத்துற மாதிரியாம். அவரு வேணாம்னு சொன்னா, குடுத்தவங்களை மட்டமா நடத்துற மாதிரியாம். ரெண்டு பக்கமும் மரியாதை. அப்புறம் என்ன? மரியாதை மரியாதைன்னு முறுக்கும் அதிரசமும் போண்டாவும் அந்த மனுஷன் வாய்க்குள்ள போய்க்கிட்டே இருந்துச்சு. நொறுக், நொறுக், நொறுக்.

"தினமுமா அக்கா?"

தினமும்தான்.

"ஜாலி!"

ஜாலிதான். மொதல்ல ஜாலியாத்தான் இருக்கும்.

அப்புறம் அந்தப் பரிசலோட வெளிப்பக்கம் ஒரு காவிக்கோடு உண்டு. வருஷா வருஷம் தார் பூசின பிறகு ஊரே கூடி நின்னு போடுற கோடு. தண்ணி கோட்டுக்குக் கீழ இருந்தா பயமில்ல. கோடு முங்கிடுச்சுன்னா ஆள் இறங்கணும். முன்னெல்லாம் ஒரு குடும்பமே ஆட்டுக்குட்டியோட ஏறினாலும் கோடு பளிச்சுனு தெரியும். மாதப்பனுக்கு வயிறு முன்னாடி வர வர, கோடு கீழ போக ஆரம்பிச்சுது. கடைசியில அவரு உக்காந்து ஒரே ஒரு ஆள் ஏறினாலே குபுக்குனு முங்கிடும். அப்படியும் ஒவ்வொருத்தரா ஏத்தி, பாறைக்குப் பாறை பிடிச்சு, பயந்து பயந்து ஓட்டுவாரு. கரையில கூட்டம் காத்துக் கெடக்கும்.

ஆனா யாரும் அவர்கிட்ட சொல்லல. சொன்னா மரியாதை இல்லையாம். முதுகுக்குப் பின்னாடி மட்டும் சிரிச்சாங்க. அதுக்கு மரியாதை பாக்க வேண்டியதில்ல போல.

சொன்னது ஒரே ஒருத்தி. அவரு பொண்ணு பொம்மி. அக்கரையில கட்டிக் குடுத்திருந்தாங்க. பங்குனி மாசம் ஒரு நாள் அவ ஆத்தங்கரைக்கு வந்து, "அப்பா, என் வயித்துல பாப்பா இருக்கு"ன்னா. மாதப்பனுக்கு சந்தோஷம் தாங்கல. துடுப்பைத் தூக்கிச் சுத்துறாரு.

"ஆவணியில வளைகாப்பு முடியட்டும் கண்ணு. நானே என் பரிசல்ல உன்னை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"நான் ஏற மாட்டேன்ப்பா."

"என்னது?"

"ஆவணியில ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடும். நீ உக்காந்து நானும் ஏறினா கோடு முங்கும். எனக்கு மட்டும்னா பரவால்ல. இப்ப உள்ள ஒண்ணு இருக்கு. கோடு வெளிய தெரிஞ்சா ஏறுறேன். இல்லன்னா பாலம் சுத்தி மாட்டு வண்டியில வரேன்."

"வண்டி கல்லுல ஏறிக் குலுக்குமே, பொம்மி."

"குலுக்கட்டும். முங்குறதுக்கு அது தேவலை."

மாதப்பன் திரும்பி வந்துட்டாரு. அவ மேல கோவப்பட முடியல. அவ சொன்னது நெஜம். நெஜத்துமேல கோவப்பட்டா அது என்ன, ஓடியா போகும்? அங்கயேதான் நிக்கும்.

"ம்..."

அப்போ அவரு முடிவு பண்ணாரு. நான் இளைக்கணும். ஆவணிக்குள்ள இளைக்கணும். எம் பொண்ணை நான்தான் கூட்டிட்டு வரணும்.

மொதல்ல என்ன பண்ணாரு? பட்டினி. வர்ற பலகாரத்தையெல்லாம் வாங்கி ஒரு பானையில போட்டு மூடிட்டாரு. அவரு பொண்டாட்டி நஞ்சம்மா, "கஞ்சியாவது குடிய்யா"ன்னு பின்னாலயே வந்துச்சு. "வாயைத் தொறக்க மாட்டேன்"னாரு. அப்புறம் ஒரு மத்தியானம், நடு ஆத்துல, ஒருத்தர் ஆட்டோட ஏறியிருக்காரு. திடீர்னு மாதப்பனுக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. துடுப்பு நழுவுது. பரிசல் கிர்ர்ர்ர்னு சுத்துது. ஆடு "ம்மே... ம்மே"ன்னு கத்துது. ஆட்டுக்காரர் அதைவிடப் பெருசாக் கத்துறாரு. நல்லவேளை, ஒரு பாறையில முட்டி நின்னுச்சு. அன்னிக்குப் பொழுது சாஞ்சதும் மாதப்பன் அந்தப் பானையைத் தொறந்தாரு பாரு... லபக் லபக் லபக். அடியில ஒட்டின வெல்லத்தைக்கூட விடல.

...

என்ன, சத்தத்தைக் காணோம்?

"முழிச்சுட்டுதான் இருக்கேன். பட்டினி கெடந்தா இளைக்காதா அக்கா?"

இளைக்கும். அப்புறம் பானை காலியாகும். இளைச்சதைவிட அதிகமா ஏறும். மேல கேளு.

ரெண்டாவது, யாரோ சொன்னாங்க, "குதிரை கொள்ளுதானே திங்குது? எந்தக் குதிரைக்காவது தொப்பை பாத்திருக்கியா?" மாதப்பனுக்கு அது சரின்னு பட்டுது. காலையில கொள்ளு ரசம், மத்தியானம் கொள்ளு மசியல், சாயங்காலம் கொள்ளு சுண்டல். எந்த மாசத்துல? சித்திரையில! ஆத்துப் பாறை தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது, இவரு வயித்துக்குள்ளயும் ஒரு அடுப்பைப் பத்த வெச்சுட்டாரு. வாயெல்லாம் புண்ணு. கண்ணு எரியுது. வயிறு கடமுட கடமுடன்னு உருளுது. நஞ்சம்மா தலையில அடிச்சுக்கிட்டு, "கொள்ளு மார்கழிக் குளிருக்குய்யா! அடிக்கிற வெயில்ல எவனாவது கம்பளியைப் போத்திக்குவானா?"ன்னு மோரை ஊத்திக் குடுத்துச்சு.

மூணாவதுதான் ரொம்ப மோசம். சத்தியமா மோசம். குடுக்குற பலகாரத்தைச் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவாரு. நடு ஆத்துக்குப் போனதும், ஏறினவங்க அந்தப் பக்கம் பாக்குறப்போ, இந்தப் பக்கம் சளப்புனு தண்ணியில போட்டுடுவாரு. மீனுங்களுக்குக் கொண்டாட்டம். பரிசல் எங்க போனாலும் பின்னாடியே ஊர்வலம்.

"ஹி ஹி."

சிரி சிரி. ஒரு நாள் மல்லம்மான்னு ஒரு அம்மா ஏறுனாங்க. சந்தைக்கு வெள்ளரிப்பிஞ்சு கொண்டு போறவங்க. மாதப்பனுக்கு அக்கா வயசு. கையில வலி, விரலை மடக்கவே முடியாது. அப்படியும் பரிசலுக்குக் குடுக்கணும்னு முறுக்குச் சுத்தி எடுத்துட்டு வருவாங்க. அன்னிக்கு நடு ஆத்துல ஒரு முறுக்கு மிதந்து மிதந்து அவங்க பக்கமே வந்துச்சு.

"மாதப்பா, இது என் முறுக்குல்ல?"

"இ... இல்லக்கா."

"எள்ளுக்குப் பதிலா ஓமம் போடுறது நான் ஒருத்திதான். என் கைச் சுத்து எனக்குத் தெரியாதா? கையி விண்ணு விண்ணுனு தெறிக்கத் தெறிக்கச் சுத்தினேன்டா. மீனுக்கா போட்ட?"

மாதப்பன் துடுப்பைக் கீழ வெச்சுட்டாரு. பரிசல் அது பாட்டுக்கு மெதுவாச் சுத்துது. அப்போதான் மொத மொதல்ல வாயைத் தொறந்து சொன்னாரு. "எம் பொண்ணு என் பரிசல்ல ஏற மாட்டேங்கறாக்கா. பயமா இருக்காம். நான் இளைக்கணும். எனக்கு வழி தெரியல."

மல்லம்மா கூடையைத் தள்ளி வெச்சுட்டு அவரு பக்கம் திரும்பினாங்க.

"இதை அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு..."

"இப்ப மட்டும் நான் குளுகுளுன்னு இருக்கேனா?"

அப்புறம் மல்லம்மா பசிக்குதுன்னு தன்னோட தூக்குப் போசியைத் தொறந்தாங்க. கம்மங்கூழ். மோர் ஊத்திக் கரைச்சது. ரெண்டு சின்ன வெங்காயம். கூடையில இருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்துக் கடிச்சாங்க. கறுக்!

மாதப்பன் அதையே பாத்தாரு. "அது என்னக்கா?"

"என்னோட சோறு."

"எனக்கும் கொஞ்சம் தாங்களேன்."

"ஐயய்யே, இதையா? பரிசல்காரனுக்குக் கூழையும் பிஞ்சையும் குடுத்தேன்னு ஊரு என்ன பேசும்?"

"ஊரா வந்து துடுப்புப் போடுது? குடுங்கக்கா."

குடிச்சாரு. கடிச்சாரு. கறுக், மொறுக். தொண்டை குளுந்துச்சு. வயிறு நிறைஞ்சும் உக்கார முடிஞ்சுது, மூச்சு விட முடிஞ்சுது. அப்போதான் அவருக்கு ஒண்ணு உறைச்சுது, மித்து. பங்குனியில வெள்ளரி, சித்திரையில நுங்கு, ஆனியில நாவப்பழம், ஆடியில கீரைக்கட்டுன்னு எல்லாம் கூடை கூடையா அவரு காலுக்குப் பக்கத்துலயே உக்காந்துதான் வருஷா வருஷம் ஆத்தைத் தாண்டிப் போயிருக்கு. எல்லாத்தையும் இவருதான் கொண்டு போய் விட்டிருக்காரு. ஒரு தடவைகூட வாயில வெச்சதில்ல.

"ஐயோ பாவம்."

ம். ஏறுனவங்களும் அவங்க வீட்ல கூழும் கீரையும்தான் சாப்பிட்டாங்க. இவருக்குக் குடுக்க மட்டும் எண்ணெயைக் காய வெச்சாங்க.

அன்னிக்கு மல்லம்மா கரையில இறங்கி, காத்திருந்த கூட்டத்தைப் பாத்துச் சொன்னாங்க: "இனிமே காட்டுல தோட்டத்துல அப்பப்ப என்ன காய்க்குதோ, வீட்ல அன்னிக்கு என்ன வேகுதோ, அதுல ஒரு பங்கு குடுத்தாப் போதும்." ஒருத்தர் மட்டும் முணுமுணுத்தாரு, "மரியாதையா இருக்காதே?" மல்லம்மா அவரைப் பாத்து, "மரியாதையைத் தின்னு தின்னுதான் அந்த ஆளு இப்படி ஆயிட்டான். உனக்கு அந்தப் பக்கம் போகணுமா வேணாமா?"ன்னாங்க. அவரு ஏறிட்டாரு.

"அப்புறம் உடனே இளைச்சுட்டாரா?"

இல்ல. வேற யாராவது கதை சொன்னா உடனே இளைச்சிருப்பாரு. நான் பொய் சொல்ல மாட்டேன். சித்திரை முடியுற வரைக்கும் நுங்கும் மோரும் வெள்ளரியும் சாப்பிட்டாரு, கோடு அசையவே இல்ல. வைகாசியில கொஞ்சம் தலை காட்டிச்சு. அப்போ பாத்து ஒருத்தர் முழுப் பலாப்பழம் கொண்டு வந்துட்டாரு. காலத்துப் பழம்தானேன்னு மாதப்பன் மொத்தத்தையும் முழுங்கிட்டாரு! கோடு மறுபடி குபுக். நஞ்சம்மா, "காலத்துக்கு ஏத்ததுன்னா வயித்துக்கும் ஏத்ததாய்யா? நாலு சுளையோட கைய எடுக்கத் தெரியாதா?"ன்னு திட்டிச்சு. அவரு அன்னிக்கு அழுதுட்டாரு. ஆனா மறுநாள் பட்டினி கெடக்கல. வழக்கம் போலக் கூழு, கீரை, ஒரு மாம்பழம். வயிறு நிறைஞ்சதும் "போதும்"னு சொல்லக் கத்துக்கிட்டாரு. கூழு குடிக்கிறது சுலபம், மித்து. அந்தப் "போதும்" இருக்கே, அதுதான் அவருக்கு வாயில வரவே ரொம்ப நாளாச்சு.

ஆனியில காத்து வீசுச்சு, நாவப்பழம் தின்னு நாக்கு ஊதாவாச்சு. ஆடியில புதுத் தண்ணி வந்துச்சு. கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, சோளக்கதிரு. துடுப்புப் போடுறப்போ மூச்சு வாங்கல. கோடு மெள்ள மெள்ள மேல வந்துச்சு, வெயில்ல ஆமை தலையை நீட்டுமே, அந்த மாதிரி.

"ம்..."

அப்புறம் ஆவணி. ஆறு ஹோ...ன்னு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. வளைகாப்பு முடிஞ்சு பொம்மி வந்தா. கை நிறைய வளையல், கலீர் கலீர். கரையில நின்னு, "மொதல்ல நீ உக்காருப்பா"ன்னா. உக்காந்தாரு. அவ இடுப்புல கைய வெச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தா. கோடு பளிச். ஒரு காலை வெச்சா. பரிசல் ஆடுச்சு. இன்னொரு காலையும் வெச்சு உக்காந்தா. தண்ணி ஏறுது... ஏறுது... நின்னுச்சு. கோடு தெரியுது! கோட்டுக்குக் கீழ ஒரு விரல் இடம்கூட இருக்கு.

அப்போ பொம்மியோட மாமியார் ஓடி வராங்க. "சீர் பலகாரத்தை மறந்துட்டீங்களே!" பெரிய கூடை நிறைய அதிரசம். தொம்முனு உள்ள வெச்சாங்க. குபுக். கோடு முங்கிடுச்சு.

"ஐயோ!"

பொம்மி அப்பா மூஞ்சியைப் பாத்தா. மாமியார் பாத்தாங்க. கரையில கூட்டமே பாத்துச்சு. வேணாம்னு சொன்னா அந்த அம்மா மனசு என்ன ஆகும்? தண்ணியில போடவும் முடியாது. அதைத்தான் ஒரு தடவை பண்ணிப் பாத்துட்டாரே.

மாதப்பன் கூடையில இருந்து ஒரே ஒரு அதிரசத்தை எடுத்தாரு. ஒளிஞ்சுக்கல, அவசரப்படல. எல்லாரும் பாக்க, மெதுவா, கடைசித் துணுக்கு வரைக்கும் ரசிச்சுச் சாப்பிட்டாரு. "அருமையா இருக்கு சம்பந்தி. பாகு பதம் அவ்ளோ சரியா இருக்கு. எனக்கு இது போதும். மிச்சத்தைக் கரையில இருக்குறவங்களுக்குக் குடுங்க, நம்ம வீட்டு விசேஷம்தானே"ன்னாரு. மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவங்களே கூடையைத் தூக்கி எல்லாருக்கும் குடுக்க ஆரம்பிச்சாங்க. கோடு மெள்ள வெளிய வந்துச்சு.

மாதப்பன் துடுப்பை எடுத்தாரு. எடுத்துட்டு அப்படியே நின்னாரு. "பொம்மி, பரிசலுக்குக் குடுக்க வேண்டியது எங்க? பொண்ணுன்னா சும்மா ஏத்திக்குவேன்னு நெனச்சியா?"

பொம்மி மடியில இருந்து ஒரு கொய்யாவை எடுத்தா. அவங்க வீட்டு மரத்துல அன்னிக்குப் பறிச்சது. கடிச்சு, பாதியைத் தான் வெச்சுக்கிட்டு மீதியை அப்பா வாயில ஊட்டினா. "இந்தா. இப்பயாவது கிளம்பு. பாப்பா உதைக்குது."

சளக், சளக், சளக், சளக்.

...

மித்து?

"அக்கா... அந்த மோர்சாதம் இன்னும் இருக்கா?"

மூடி வெச்சிருக்கு. ஸ்கூல்ல எவளோ குண்டுன்னு சொன்னாளாக்கும்? சொல்லிட்டுப் போறா. உனக்குப் பசிச்சா நீதானே சாப்பிடணும்? எழுந்திரு. வெள்ளரிக்காயும் நறுக்கித் தரேன். நிறைஞ்சதும் போதும்னு சொல்லு, நான் திணிக்க மாட்டேன். சாப்பிட்டு வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து படு. பரிசல் கரை சேந்துச்சு, பொண்ணு வீடு சேந்துச்சு, கதையும் சேந்துச்சு. இனிமே ஒரு வார்த்தை கேக்காம கண்ணை மூடிடணும், சரியா?