தண்ணீரோடு போய் வந்தவர்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னர் இருந்தார். நாட்டின் பெயரைச் சொன்னால் சுங்கம் கேட்பார்கள், அதை விட்டுவிடுவோம். அவருக்குத் திடீரென்று ஒரு ஆசை: புதுக்குளம் வெட்டிப் படகு விட வேண்டும்.

"என் தென்னந்தோப்பை ஒட்டிய மேட்டில் வெட்டலாம், மன்னா" என்றார் மந்திரி திருமேனியார். அடிப்பாகத்தைத் தட்டி எடுத்த சட்டி ஒன்றை அந்த நிலத்தில் பதித்து நீர் ஊற்றிக் காட்டினார். உச்சிவேளை வரை நீர் குறையவே இல்லை.

அவை விகடகவி பிச்சாண்டி அதன் பக்கத்திலேயே இடுப்பளவுக்கு ஒரு குழி தோண்டி நீர் ஊற்றினார். மன்னர் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் குழி காலி.

"ஒரே நிலம், இரண்டு பதிலா?" மன்னருக்கு எரிச்சல்.

"சட்டி மேல்மண்ணைக் கேட்டது, மன்னா. அது மாடு மிதித்து இறுகிய மண். குழி அடிமண்ணைக் கேட்டது. குளம் அடிமண்ணில்தானே நிற்கப்போகிறது? மூட்டையின் வாயில் கிடக்கும் நெல்லைப் பார்த்து விலை பேசலாமா?"

மந்திரி சிரித்தார். "அடிமண்ணுக்குள் இவர் போய்ப் பார்த்தாராக்கும்! அந்தத் தண்ணீரோடு கூடவே போய், அது சேரும் இடத்தைப் பார்த்து வந்து சொல்லட்டுமே!"

மன்னருக்கு அது பிடித்துவிட்டது. "பிச்சாண்டி, நாளை மாலைக்குள் போய் வந்து சொல். இல்லையேல் இனி அவைக்கு வராதே."

"உத்தரவு. வழித்துணைக்கு ஒரு குடம் அவுரி நீலச் சாயம் மட்டும் கொடுங்கள்."

சாயத்தை நீரில் கலந்து குழியில் ஊற்றினார். பிறகு மண்வெட்டியை எடுத்தார். நீலம் இறங்கிய இடத்தில் தாமும் இறங்கினார். சற்றுக் கீழே ஒரு சரளைப் படுகை. அங்கே நீலம் தோப்புப் பக்கம் திரும்பியது. பிச்சாண்டியும் வெட்டிக்கொண்டே திரும்பினார்.

மறுநாள் மாலை மன்னர் பரிவாரத்தோடு வந்தார். குழியிலிருந்து ஒரு பள்ளம் மந்திரியின் வேலியைப் பிளந்துகொண்டு போயிருந்தது. அது முடிந்த இடத்தில், தோப்புக் கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வந்து சேர்ந்துவிட்டேன், மன்னா! தண்ணீர் எனக்கு முன்பே வந்துவிட்டது."

கிணற்று நீர் நீலமாயிருந்தது. கழுத்து வரை பிச்சாண்டியும் நீலமாயிருந்தார்.

மன்னர் மந்திரியைத் திரும்பிப் பார்த்தார். "உமது தென்னைக்கு நீர் பாய்ச்சவா எனக்குக் குளம்?"

"இல்லை மன்னா... சட்டி அப்படித்தான் காட்டியது..."

"அப்படியானால் அந்தச் சட்டியிலேயே படகு விடும், ஐயா!" என்று சொல்லிவிட்டு மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். குளத்துக்கு இடம் பார்க்கும் அதிகாரத்தை அங்கேயே பிச்சாண்டிக்குக் கொடுத்து, தம் பட்டுச் சால்வையையும் போர்த்த வந்தார்.

பிச்சாண்டி இரண்டு அடி பின்வாங்கினார். "சால்வை நாளைக்கு இருக்கட்டும், மன்னா. முதலில் குளிக்க ஒரு கிணறு காட்டுங்கள். மந்திரியாருடையது வேண்டாம்."