ஷேக்கரை வைக்கிறது எப்படி

டெனிஸுக்கு டிரம்ஸ் வரும், கஞ்சிரா வரும், தவில் வரும். கையில எதுவும் இல்லேன்னா பக்கத்துல இருக்கிறவன் முதுகு வரும். வராதது ஒண்ணுதான். ஒரு ராக் பேண்டுல நிலைச்சு இருக்கிறது.

ஒரு பேண்டை விட்டப்ப குச்சிய வீசி எறிஞ்சுட்டு வந்தான். இன்னொண்ணுல பாதிப் பாட்டுல மேடைய விட்டு இறங்கி நேரா பரோட்டா கடைக்குப் போயிட்டான்.

இப்ப இருக்கிற பேண்டுல டிரம்ஸ் வாசிக்கிறவ மெர்லின். ரெண்டு வயசு மூத்தவ. அவகிட்டதான் அவன் பாதி வித்தை கத்துக்கிட்டான். "மாஸ்டர்னு கூப்பிடாதடா"ன்னு சொல்லிப் பார்த்தா. அதுக்காகவே அப்படிக் கூப்பிட்டான்.

காலேஜ் மைதானத்துல சாயங்காலம் ஷோ. சவுண்ட் செக் நடக்குறப்ப டெனிஸ் போனை நீட்டினான். பேண்ட் குரூப்புக்கு எழுதி வெச்ச மெசேஜ்.

'உங்க பாட்டைக் கேட்டா கொசுவே கொட்டாவி விடும். நான் கிளம்பறேன்.'

"வேற பேண்டுல கூப்பிடறாங்க மாஸ்டர். எனக்குன்னு சோலோ உண்டாம். இங்க உப்பு டப்பா மாதிரி ஷேக்கர் ஆட்டிக்கிட்டிருக்கேன். போகட்டா, இருக்கட்டா?"

மெர்லின் ஷேக்கரை எடுத்து அவன் கையில கொடுத்தா.

"மைக் ஆன்ல இருக்கு. இதை மேசைல சத்தம் வராம வை. சொல்றேன்."

"இவ்ளோதானா?"

வெச்சான். உள்ள இருந்த மணியெல்லாம் கொறகொறன்னு மைதானம் முழுக்கக் கேட்டுச்சு. மெதுவா வெச்சான். மெதுவா கொறகொறத்துச்சு.

தூரத்துலேர்ந்து சவுண்ட்காரர் கத்தினார். "யாருப்பா அங்க அரிசி களையறது?"

மொத்த பேண்டும் சிரிச்சுது. டெனிஸுக்குச் சுள்ளுனு ஏறிச்சு.

மேடை ஏறுறதுக்கு முன்னாடி எல்லாரும் போனை அணைச்சு ஒரே பையில போடுறது அந்த பேண்டோட வழக்கம். போட்டாங்க. டெனிஸ் மட்டும் திரும்பி நின்னு, மெசேஜை அனுப்பிட்டுப் போட்டான்.

கடைசிப் பாட்டு வந்தப்ப மெர்லின் அவனை டிரம்ஸ்ல உக்கார வெச்சுட்டு, தானே ஷேக்கரை எடுத்தா. பாட்டு முடியறப்ப வெறும் குரல் மட்டும்தான். அவ எப்ப வைக்கிறான்னு டெனிஸ் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தான். பாத்தா, மேசைல விரிச்ச துண்டு மேல ஷேக்கர் படுத்திருக்கு. எப்ப நின்னுச்சுன்னே தெரியல.

கீழ இறங்கினதும் கேட்டான். "எப்ப வெச்சீங்க?"

"நாளைலேர்ந்து நான் வேற பேண்டு."

"என்னது! இவங்களுக்குத் தெரியுமா?"

"போன மாசமே உக்காந்து பேசிட்டேன். டிரம்ஸுக்கு உன்னச் சொன்னேன். சரின்னுட்டாங்க. இன்னைக்கு உன்கிட்ட சொல்றதா இருந்தாங்க."

டெனிஸ் பைய நோக்கி ஓடினான். நல்லவேளை, இன்னும் யாரும் போனை எடுக்கல. தன்னோடத மட்டும் உருவி, ஆன் பண்ணி, மெசேஜை அழுத்தி அழிச்சுட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"ஒண்ணும் ஆகல மாஸ்டர். எல்லார் போன்லேர்ந்தும் அழிச்சுட்டேன்!"

மெர்லின் எட்டிப் பாத்தா. மெசேஜ் இருந்த இடத்துல ஒரு வரி நின்னுச்சு. 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது.'

அவ போன் பக்கம் காதைச் சாய்ச்சா.

"கொறகொறங்குது."