பத்து நாற்காலி உபயம்

எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரட்டும் என்று, போன வருஷம் பத்து நாற்காலி கொடுத்தார் கருப்பட்டி மொத்த வியாபாரி ஞானதிரவியம். ஒவ்வொன்றின் சாய்மானத்திலும் பச்சை பெயிண்டில் 'உபயம்: ஞானதிரவியம்' என்று பட்டை எழுத்து.

இந்த வருஷம் கூரை ஒழுகியது. இல்லத்துச் செயலாளர் நன்கொடை கேட்டதும் ஞானதிரவியமே நேரில் வந்தார். செயலாளர் ஒரு நாற்காலியில் சாய்ந்ததுதான் தாமதம், பாய்ந்துவிட்டார்.

"என் பேரு மேலயா வே சாயுதீரு? ஆள் உட்கார்ந்தாலும் பேரு மறையக் கூடாது. அதுக்கு வழி சொல்லும், கூரை போட்டுத் தாரேன்."

செயலாளர் எழுந்துகொண்டார். வாராவாரம் கூலி வாங்காமல் வந்து பெருக்கிக் கொடுக்கும் தங்கபுஷ்பம் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"அந்தக் கவலையே வேண்டாம் அண்ணாச்சி. ஒரு வருஷமா இங்க யாரும் யாரையும் பார்க்க வரல. உங்க பேரு மறையவே இல்ல."

அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனவர் பத்தாவதில் நின்றார். அதில் எழுத்தே இல்லை.

"இதுல எம்பேரை அழிச்சது யாரு?"

"மூணாம் நம்பர் அறையில இருக்க உங்க சித்திதான். நீங்க வந்து உட்காருவீங்கன்னு ஞாயித்துக்கிழமைதோறும் அந்த ஒண்ணை மட்டும் ஈரத்துணியால துடைச்சுத் துடைச்சு வைக்காவ."

அண்ணாச்சி தன் கையைப் பார்த்தார். விரலெல்லாம் ஈரம்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.