பருத்தி கையை மூடிக்கொண்ட மாசி

செடிகொடிகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்துப் பருத்திக்கு இப்போது இருக்கிற முரட்டு ஓடு கிடையாது. காய் முற்றினால் மல்லிகை மொட்டு மாதிரி சத்தமில்லாமல் விரியும். உள்ளே வெறும் பஞ்சுதான் இருக்கும். விதைகள் தனியாக, காம்புக்குக் கீழே ஒரு சின்னப் பையில் தொங்கும். பஞ்சு வேண்டுகிறவர்கள் செடியின் முன்னால் மடியை விரித்து, யாருக்கு, எதற்கு என்று சொன்னால் போதும். பருத்தி தானே உதிர்த்துவிடும். யாரும் அதைப் பறித்ததில்லை, பறிக்கத் தேவையும் வந்ததில்லை.

வெள்ளைக்கரடு என்கிற கரிசல் ஊரில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். நூற்கிறதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அடுப்பில் கொள்ளை வேகவைத்துவிட்டுத் தக்களியை எடுத்தாளானால், கொள்ளு வெந்து இறக்குவதற்குள் ஒரு கண்டு நூல் சுற்றிவிடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தங்கை மாயக்காவோடு இருந்தாள். மாயக்காவின் புருஷன் ஆட்டுக்கிடையை ஓட்டிக்கொண்டு மேற்கே போயிருந்தான். மாயக்கா நிறைமாதக்காரி.

ஒச்சாயியின் கோபத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. சட்டென்று வராது, வந்தால் லேசில் போகாது என்பார்கள்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்த வருஷம் மாசி அப்படித்தான் இருந்தது. விடிந்து வெகுநேரம் ஆன பிறகும் ஆடுகள் பட்டியை விட்டு வெளியே வரமாட்டேன் என்று நின்றன. ஒச்சாயி தினமும் கொள்ளை வறுத்து இடித்து, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ரசம் வைப்பாள். கம்பங்களியைக் கையில் பிடிக்க முடியாத சூட்டில் உருட்டித் தங்கைக்குக் கொடுப்பாள். வயிற்றுக்கு அது போதும். மேலுக்கு என்ன செய்வது? பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு துணி வேண்டும். ஒச்சாயி காட்டுக்குப் போய் மடியை விரித்து விஷயத்தைச் சொன்னாள். பருத்தி, பச்சைப்பிள்ளைக்கா என்று கேட்டு, இருப்பதிலேயே மிருதுவான பஞ்சாகப் பார்த்து உதிர்த்தது. அதை மெல்லிசாக நூற்று, சாயவேரில் முக்கிய சிவப்பு நூலால் கரை வைத்து, ஒரு முழம் அகலத்துக்கு ஒரு துணி நெய்து மடித்து வைத்தாள் ஒச்சாயி.

அந்த மாசியில்தான் ஊர்ப் பெரியதனக்காரர் சடையாண்டியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சடையாண்டி பருத்திக் காட்டுக்கு வந்து, காட்டிலுள்ள அத்தனை பஞ்சும் தனக்கு வேண்டும் என்றார். அவ்வளவும் எதற்கு என்று பருத்தி கேட்டது. மகள் கல்யாணத்துக்கு என்றார். பொய் இல்லை. ஆனால் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இல்லை என்று சொல்லிப் பழகாத பருத்தி இருந்ததையெல்லாம் உதிர்த்தது. அவருடைய ஆட்கள் வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள், இந்த வருஷத்துப் பஞ்சும் நூலும் ஒன்றுவிடாமல் பெரிய வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று ஊரில் சாற்றினார்கள். பெண்கள் எல்லாரும் அவர் வாசலில் உட்கார்ந்து நூற்க வேண்டும். யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. கல்யாண வீடு, சொந்தபந்தத்துக்குச் சேலை வேட்டி எடுப்பார்கள், நமக்கும் ஆளுக்கொன்று வராமலா போகும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒச்சாயியும் அப்படித்தான் நினைத்தாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நூற்றார்கள். மத்தியானம் ஆளுக்கொரு செம்பு நீர்த்த கூழ் வந்தது. விரல் நுனி தேய்ந்து, தொட்டால் சூடு தெரியாமல் போனது.

ஆறாம் நாள் காலையில் மாயக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒச்சாயி ஓடிவந்து, மடித்து வைத்திருந்த துணியில் அதைச் சுற்றிக் கொடுத்தாள். குழந்தை மூச்சுவிடும்போது சிவப்புக் கரை ஏறி இறங்குவதை அக்காளும் தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் சடையாண்டியே வீட்டுக்கு வந்தார். பிள்ளை நல்லாயிருக்கா, தாய் நல்லாயிருக்காளா என்று விசாரித்தார். பிறகு குனிந்து, துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது இந்த வருஷ நூல்தானே, ஒச்சாயி?"

"பச்சைப்பிள்ளைக்குன்னு முன்னமே கேட்டு வாங்கினதுங்கய்யா."

"இருக்கட்டும். இந்த வருஷ நூல்னா அது கல்யாண நூல்தான். உனக்கு விட்டா ஊர் பூரா கேக்கும்."

சொல்லிவிட்டு அவரே குழந்தையைப் புரட்டித் துணியை உருவினார். முரட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. பூசணிக்காய் மேல் போட்ட சாக்கை எடுப்பது போல எடுத்தார். நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.

மாயக்கா கட்டியிருந்த பழஞ்சேலையைப் பாதியாகக் கிழித்துக் குழந்தையைச் சுற்றினார்கள். மீதிப் பாதியில் மாயக்கா உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுத்தாள். இரண்டு நாள் பனியில் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. மார்பில் பால் வற்றிப்போனது. குழந்தை முதலில் வீறிட்டு அழுதது, அப்புறம் அழுகை சிணுங்கலானது. ஒச்சாயி விறகடுப்புப் பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கொள்ளு ரசத்தைத் தங்கைக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். அதுவும் தங்கவில்லை.

கல்யாணத்தன்று, அந்த நூலெல்லாம் எதற்கு என்று ஊருக்குத் தெரிந்தது. ஐயனார் கோயிலில் தொடங்கிப் பெரிய வீட்டு வாசல்வரைக்கும், தெரு நீளத்துக்கும், வெள்ளைத் துணியைத் தரையில் விரித்திருந்தார்கள். நடைபாவாடையாம். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்ணை மிதிக்காமல் வரவேண்டுமாம். அவர்கள் மட்டுமா வந்தார்கள்? மேளக்காரர்கள் வந்தார்கள், சம்பந்தி வீட்டார் செருப்புக் காலோடு வந்தார்கள், சீர் ஏற்றிய வண்டியும் அதன்மேலேயே வந்தது. வண்டியில் பூட்டியிருந்த காளை நடுத்தெருவில் நின்று சாணி போட்டது. ஓரத்தில், தேய்ந்த விரல்களோடு, கிழிசல் சேலையை இழுத்துப் போர்த்தியபடி நூற்ற பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

சாணி விழுந்த இடத்தில் சிவப்புக் கரை தெரிந்தது. துணி நீளம் போதாமல் அதையும் ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்கள்.

ஒச்சாயி நடுத்தெருவுக்குப் போய்க் குனிந்து அந்தத் துண்டைப் பிடித்தாள். ஊர்வலம் நின்றது. சடையாண்டி மகளுக்குப் பக்கத்தில் நின்றபடியே, குரலை உயர்த்தாமல், "காலுக்கு அடியில கிடக்கிறதை உருவாதே. அபசகுனம்," என்றார். இரண்டு ஆட்கள் வந்து அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். மேளம் மறுபடியும் ஆரம்பித்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பருத்திக் காட்டுக்கு நடந்தாள். பருத்தி அதற்குள் மறுபடியும் காய்த்து, விரியத் தயாராக நின்றது. எவ்வளவு வேணும் மகளே என்று வழக்கம்போலக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ குடுத்தது எங்கே கிடக்குன்னு சொல்ல வந்தேன்."

கண்டதையெல்லாம் சொன்னாள். செருப்புக் கால், வண்டிச் சக்கரம், சாணி ஒன்றையும் விடவில்லை. பிறந்து மூன்று நாளான பிள்ளையை உரித்து எடுத்ததையும், தங்கை பால் வற்றிக் கிடப்பதையும் சொன்னாள். காடு முழுக்க ஒரு இலைகூட அசையவில்லை.

"மேலுக்குப் போர்த்தத்தான் குடுத்தேன்," என்றது பருத்தி. "மிதிக்கக் குடுக்கலை."

"கேட்டவனுக்கெல்லாம் குடுத்தியே, அதான் மிதிக்கிறான். கையை மூடு."

"அவன் கைன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எல்லாக் கையும் ஒண்ணுதான். அவனுக்கு மூடினா உனக்கும் மூடினதுதான். நூற்கிற உன் கைதான் முதல்ல கிழியும். யோசிச்சுக்கோ."

ஒச்சாயி யோசிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த தக்களியை உருவி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள். பதினான்கு வயதிலிருந்து அவள் கையில் இருந்த தக்களி அது. கூர்க் கம்பி இருந்த பாதியைச் செடியின் வேரோரம் வைத்து, காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்கினாள்.

"கிழியட்டும். மூடு," என்றாள்.

பருத்தி முதலில் தன் விதைகளைக் கூப்பிட்டது. வெளியே பையில் தொங்கிக்கொண்டிருந்த விதைகளை ஒவ்வொன்றாகக் காய்க்குள் இழுத்து, பஞ்சால் சுற்றி, விலக்க முடியாதபடி இறுக்கிக் கட்டியது. இனிமேல் என் பிள்ளைக்குப் போர்த்தியது போகத்தான் ஊராருக்கு என்றது. வேரில் இறங்கிய கம்பியின் கூர்மை தண்டு வழியாக ஏறி ஒவ்வொரு காய்க்கும் போனது. காய்கள் படார் படாரென்று வெடித்தன. ஓடுகள் காய்ந்து, நுனி கூராகி, நகம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அதற்குப் பிறகு பருத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒச்சாயி எவ்வளவோ கூப்பிட்டாள். பதில் இல்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள், மறுவீட்டுச் சீருக்குப் பஞ்சு வேண்டுமென்று சடையாண்டி ஆட்களை அனுப்பினார். அவர்கள் மடியை விரித்துக் கேட்டார்கள், எதுவும் உதிரவில்லை. கையை நீட்டி இழுத்தவர்கள் இரத்தத்தோடு திரும்பினார்கள். சடையாண்டி ஊர்ப் பெண்களை எல்லாம் காட்டில் இறக்கினார். பறித்தாக வேண்டும் என்றார். பருத்தி சொன்னது அப்படியே நடந்தது. பெண்களின் நகக்கண்ணெல்லாம் கிழிந்தது. பறித்ததோடு விட்டதா? பஞ்சு ஒவ்வொன்றிலும் ஏழெட்டு விதை ஒட்டிக்கொண்டு வந்தது. அதை உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

நடந்ததை ஒச்சாயி மறைக்கவில்லை, தானே சொன்னாள். பெண்கள் அவளைச் சுற்றி நின்று ஏசினார்கள். செல்லக்கிளி என்கிறவள் தன் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "உன் கோவத்துக்கு என் கையாடி கிடைச்சுது?" என்று கேட்டாள். ஒச்சாயியின் கையிலும் அதே கீறல்கள்தான் இருந்தன. செல்லக்கிளியின் கூடையிலும் பாதியை அவளே பறித்துப் போட்டாள். ஆனால் செய்தது தப்பு என்று அவள் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை.

விதைகள் பெரிய வீட்டு வாசலில் குப்பையாகக் குவிந்தன. இந்தக் கொட்டையை யாராவது அள்ளித் தொலையுங்கள் என்றார் சடையாண்டி. ஒச்சாயி ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்தாள். பருத்தி தன் பிள்ளைக்குப் போர்த்தின பஞ்சை உருவி எடுத்த பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு, அந்தப் பிள்ளையைக் குப்பையிலாவது போடாமல் இருப்போம் என்று நினைத்தாள். ஊறவைத்தாள். ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினாள். பிழிந்தபோது பசும்பால் நிறத்தில் பால் இறங்கியது. பச்சரிசி மாவைக் கரைத்து விட்டு, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டாள். முதல் வாயைத் தானே குடித்துப் பார்த்தாள். தொண்டை வழியாக இறங்கிய சூடு உள்ளங்கால்வரை போனது.

மாயக்காவுக்குக் காலையிலும் சாயங்காலமும் அதையே கொடுத்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் மார்பில் பால் சுரந்தது. குழந்தை பழையபடி வீறிட்டு அழுகிற சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டது.

சத்தம் கேட்டுச் செல்லக்கிளிதான் முதலில் வந்தாள். மன்னிப்பு கேட்க வரவில்லை, கோபமும் ஆறவில்லை. சட்டியில் கொதிக்கிறது என்ன என்று கேட்டாள். ஒச்சாயி ஒரு கும்பா ஊற்றிக் கொடுத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் காட்டில் இறங்கிய பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

மணம் பெரிய வீடு வரைக்கும் போயிருக்க வேண்டும். சடையாண்டி துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். பனி அவருக்கும் பனிதானே. எனக்கும் ஒரு செம்பு ஊற்று என்றார்.

ஒச்சாயி அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"கையைக் காட்டுங்கய்யா," என்றாள்.

அவர் என்னவோ ஏதோ என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒச்சாயி நெருப்பு வெளிச்சத்தில் புறங்கையையும் உள்ளங்கையையும் புரட்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"உங்களுக்கு அப்புறம்," என்றாள். "கிழிஞ்ச கையெல்லாம் குடிச்சு மிச்சம் இருந்தா."

மிச்சம் இருக்கவில்லை. செல்லக்கிளி சட்டியைக் கவிழ்த்தே காட்டினாள். சடையாண்டி விரித்த கையை மடக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அத்தனை பெண்களையும் பகைத்துக்கொண்டால் மறுநாள் அந்த முள்ளுக்குள் யார் கையை விடுவார்கள்? ஒரு முழத் துணிக்கு எத்தனை கீறல் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, வெள்ளைக்கரட்டில் எந்தக் கல்யாணத்துக்கும் தெருவில் துணி விரிக்கவில்லை.

பருத்தி தன் விதைக்குப் போர்த்திய பஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதும், பனிக்காலத்தில் பருத்திப்பால் காய்ச்சினால் பறித்து வந்தவர்களுக்கு முதல் கும்பா ஊற்றுவதும் அந்த மாசியில் தொடங்கியவைதான். ஒச்சாயியின் கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை. வேண்டுமானால் விளைந்த பருத்திக் காட்டுக்குள் வெறுங்கையோடு இறங்கி நாலு காய் பறித்துப் பாருங்கள்.